தாங்கியை அளந்தனர்; வழியை அளந்தனரோ?

ஓர் அரசாங்கம் தன் மக்களுக்கு ஒரு பொருளைப் பங்கிட்டுக் கொடுக்க முற்படும்பொழுது இரண்டு வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. எவருக்கு எவ்வளவு என்பது முதலாவது வினா. எந்த அளவுகோலைக்கொண்டு அதனைத் தீர்மானித்தீர் என்பது இரண்டாவது வினா. முதலாம் வினாவுக்கு விடை கூறுவது எளிது. ஓர் எண்ணை அச்சிட்டு அறிவித்துவிட்டால் போதும். நீதி இருப்பது இரண்டாம் வினாவின் விடையிலேயே. 2022ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அறிவித்தது. அந்த 4 லீற்றர் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும், அவர் செல்லவேண்டிய தூரம் எவ்வளவு என்ற வினா அறிவிப்பில் எங்கும் இடம்பெறவில்லை.

அந்தப் பங்கீட்டு முறை 2023 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட ஒன்றை இப்பொழுது ஏன் கிளறவேண்டும் எனச் சிலர் கேட்கலாம். தனக்கு வேண்டிய பெற்றோலியத்தைக் கடல்கடந்தே பெறும் ஒரு நாட்டில், கப்பல் தவறும்பொழுதும் அந்நியச் செலாவணி வற்றும்பொழுதும் போர் மூளும்பொழுதும் பங்கீடு தலைதூக்கவே செய்யும். ஆராயப்படாத விதி, அடுத்த முறையும் அதே உருவில்தான் வரும். ஆகவே அதனைத் துலாக்கோலில் இட்டு நிறுத்துப் பார்ப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

நான்கு லீற்றர் பிறந்த கதை

2021ஆம் ஆண்டின் இறுதி நாட்களில் ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் 177 ரூபாவுக்கு விற்றது. 2022 மார்ச்சில் அது 254 ரூபாவாயிற்று, ஏப்பிரலில் 338, மே மாதத்தில் 420, யூனில் 470. ஆறு திங்களில் விலை இரண்டரை மடங்கைத் தாண்டியது. கொடுக்கப் பணம் இருந்தவர்க்கும் வாங்கப் பொருள் இருக்கவில்லை. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. காத்துநின்ற முதியோர் சிலர் வரிசையிலேயே வீழ்ந்து உயிர்நீத்த கொடுமையையும் நாடு கண்டது. யூன் 27ஆந் திகதி, அத்தியாவசிய சேவையினர் தவிர ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை யூலை 10 வரை நிறுத்தப்படும் என அரசாங்கம் அறிவித்தது.

இந்நிலையிலேதான் யூலை மாதத்தில் கியூ.ஆர். அட்டை எனப் பொதுமக்கள் அழைத்த தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர், பேருந்துக்கு 40 லீற்றர் என வாரப் பங்கு வகுக்கப்பட்டது. 2023 ஏப்பிரலில் மோட்டார் சைக்கிளின் பங்கு 7 லீற்றராகவும், மே மாத இறுதியில் 14 லீற்றராகவும் உயர்த்தப்பட்டது. அதுவரை, ஏறத்தாழ எட்டுத் திங்கள், நான்கு லீற்றரே விதியாயிருந்தது.

நியாயம் பேசப் புகுந்தோர் எதிர்த்தரப்பின் நன்மையை மறைத்தல் தகாது. இம்முறை வந்த பின்னர் வரிசைகள் குறுகின. செல்வாக்குள்ளவன் பின்வாசலால் வந்து கலன்கலனாக நிரப்பிச் செல்வது பெரிதும் தடைப்பட்டது. வாரத்தில் ஒருமுறையேனும் தன் பங்கு தனக்குக் கிடைக்கும் என்ற உறுதி ஏழைக்கு உண்டாயிற்று. பதுக்கலை அடக்கிய ஒரு கருவியை நாம் பழிக்கவில்லை. அக்கருவியினுள் பொருத்தப்பட்ட அளவுகோலையே பழிக்கிறோம்.

கணக்கைச் சற்று ஊன்றிப் பாருங்கள்

நகரத்து நெரிசலிலும் வெளியூர்த் தெருவிலும் கலந்து ஓடும் நடுத்தரக் கார் ஒன்று, ஒரு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் எனக் கொள்வோம். அதன் 20 லீற்றர் அதனை 240 கிலோமீற்றர் கொண்டுசெல்லும். நன்னிலையிலுள்ள 100 சீ.சீ. மோட்டார் சைக்கிள் ஒரு லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் எனக் கொண்டால், அதன் 4 லீற்றருக்கு 200 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு லீற்றருக்கு 25 எனக் கொண்டால், 5 லீற்றருக்கு 125 கிலோமீற்றர்.

காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தைத்தானே கொடுத்தோம், இது சமத்துவமன்றோ என ஆட்சியாளர் வாதிடக்கூடும். இந்த வாதம் மேலெழுந்தவாரியாகவே அழகாயிருக்கிறது. காரில் ஒருவர் தனியே 240 கிலோமீற்றர் செல்வதற்கு எரிந்த அதே 20 லீற்றர், ஐந்து தொழிலாளரை ஐந்து மோட்டார் சைக்கிள்களில் தலைக்கு 200 கிலோமீற்றர் கொண்டுசென்றிருக்கும். பஞ்சகாலத்தில் சிக்கனமாகச் செலவிடுவோனுக்கே அரசு கைகொடுக்கவேண்டும். இங்கே நடந்ததென்ன? குறைவாக எரிக்கும் வண்டியைத் தெரிந்தவனுக்குக் குறைவாகவும், மிகுதியாக எரிக்கும் வண்டியைத் தெரிந்தவனுக்கு மிகுதியாகவும் கொடுத்து, சிக்கனத்தின் பயனைச் சிக்கனக்காரனிடமிருந்தே பறித்துக்கொண்டார்கள்.

முச்சக்கர வண்டியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தூரத்தை விற்றுச் சோறு உண்பவன் அவன். மூவருள்ளும் மிகக் குறைந்த தூரம் அவனுக்கே கிடைத்தது. இக்குறையை அரசாங்கமே பின்னர் உணர்ந்து, 2022 நவெம்பரில் வாடகை முச்சக்கர வண்டிகளின் பங்கை 10 லீற்றராக உயர்த்தியது. ஆனால் அதுவும் முதலில் மேல் மாகாணத்தில் பதிவுசெய்தோருக்கே கிட்டியது. பசி மாகாணம் பார்த்தா வருகிறது?

இந்நாட்டிற் பதிவான வாகனங்களுட் பாதிக்குமேல் மோட்டார் சைக்கிள்களே என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அது களியாட்டத்துக்குரிய வண்டியன்று. ஆசிரியர், தாதியர், கிராம உத்தியோகத்தர், கமக்காரர், மீனவர், சிறு வியாபாரி ஆகிய அனைவரின் உழைப்பும் அந்த இரு சக்கரங்களின்மேலேயே ஓடுகின்றது.

கிளிநொச்சிக்கும் வெள்ளவத்தைக்கும் ஒரே கோலா?

வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குத் தொழிலுக்குச் செல்லும் ஒருவருக்கு ஒரு வழி எட்டுக் கிலோமீற்றர் அளவில் இருக்கும். வேலை நாட்கள் ஐந்துக்கும் சேர்த்து 80 கிலோமீற்றர். அதற்கு இரண்டு லீற்றரும் வேண்டியதில்லை. வண்டி இல்லாவிடினும் காலி வீதியிற் பேருந்து உண்டு. கடலோரமாகப் புகையிரதமும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் வீடும் கிளிநொச்சியிற் பள்ளிக்கூடமுமாக இருக்கும் ஆசிரியரை இனி எடுத்துக்கொள்ளுங்கள். ஏ-9 வீதி வழியே ஒரு வழிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். போய்த் திரும்ப 130. ஐந்து நாட்களுக்கு 650 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 ஓடினும் 13 லீற்றர் வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ 4 லீற்றர். அதாவது திங்கட்கிழமை அவர் போய்த் திரும்பலாம். செவ்வாய்க்கிழமை போகலாம், திரும்புவதற்கில்லை.

மட்டக்களப்பிலோ, எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்வோர் எண்ணற்றோர். வாவியைக் கடந்து, வயலை அடைந்து, மாலையில் மீள்வது அவர்க்கு நாளாந்த வாழ்க்கை. முல்லைத்தீவின் உட்கிராமங்களில் ஒரு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் பேருந்தின் நேரம் நோயின் நேரத்தோடு ஒத்துவரவேண்டும். ஒத்துவராதவிடத்து அயலவனின் மோட்டார் சைக்கிளே நோயாளர் வண்டி. இவர்களையும் கோட்டைக்குச் செல்பவரையும் ஒரே கோலால் அளந்து, எல்லோருக்கும் சமமாகவே கொடுத்தோம் என்பது, நெடியோனுக்கும் குறியோனுக்கும் ஒரே நீளச் சட்டை தைத்துவிட்டுத் தையற்காரன் தன் நடுநிலைமையைப் புகழ்வது போன்றது.

தோட்டத்துக் கணக்கு வேறு

கமக்காரனின் தாங்கி அவன் வண்டியோடு முடிவதன்று. கிணற்றடியில் இருக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் அவன் எரிபொருள் தேடவேண்டும். சிறிய இயந்திரமொன்று ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ ஒரு லீற்றர் குடிக்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் முறை தவறாது நீர் கட்டவேண்டும். பயிருக்கு அடுத்த வாரம் என்ற தவணை தெரியாது.

2022ஆம் ஆண்டில் கலன்களிலும் போத்தல்களிலும் எரிபொருள் வழங்குவது தடைசெய்யப்பட்டது. பதுக்கலைத் தடுக்கவே அவ்வாறு செய்தனர் என்பதை ஒப்புகிறோம். ஆயினும் கிணற்றடி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிரப்பு நிலையத்துக்குப் போக எவரால் இயலும்? அநுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை காத்திருக்க இயலாதவனுக்கு எஞ்சிய வழி, மோட்டார் சைக்கிளின் தாங்கியிலிருந்து குழாய் வழியாகப் பெற்றோலை இறக்கி இயந்திரத்துக்கு வார்ப்பதே. அவ்வாறு இரண்டு லீற்றர் இறக்கியவனுக்குச் சந்தைக்குப் போக எஞ்சியது இரண்டு லீற்றர். விளைந்ததை விற்கப் போவதா, விளைய வேண்டியதற்கு நீர் இறைப்பதா என்ற இக்கட்டில் அவனை நிறுத்தியது அந்த நான்கு லீற்றர்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் வைத்திருந்தோர்க்கும் நிம்மதி நீடிக்கவில்லை. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய், 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவாக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு மடங்கு. கமக்காரனுக்கும் மீனவனுக்கும் அந்த இரவு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் மக்கள் கற்ற பழைய பாடம்

எரிபொருளை அளந்து எரிப்பது வடபுலத்து மக்களுக்குப் புதிய கல்வியன்று. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதன்பின் வடக்கிற் பெற்றோல் ஆண்டுக்கணக்காகத் தடைப்பட்டிருந்தது. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சூடேறிய பின்னரே ஆவியாகி எரியும். இந்த இயந்திரவியல் உண்மையைப் பாடநூல் படியாத இளைஞர் தம் கைப்பழக்கத்தால் அறிந்துகொண்டனர்.

அதனைத் திறமை என்று மெச்சுவதோடு நில்லாது, அதன் விலையையும் சொல்லவேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோல்போல் எரியவல்லதன்று. இயந்திரம் தட்டும், தீப்பொறிச் செருகியிற் கரி படியும், எரியாது எஞ்சிய எண்ணெய் உராய்வெண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும், இயந்திரத்தின் ஆயுள் குறையும். அதன் புகையைச் சுவாசித்தவர் நம் பிள்ளைகள். அத்தகைய வாழ்வுக்கு மக்கள் பழகிக்கொண்டனர் என்பதால் அவர்களுக்கு அதுவே போதும் என்ற முடிவுக்கு எந்த அரசாங்கமும் வருதல் ஆகாது. சமாளிக்கும் ஆற்றல் உடையவன் உரிமை இழந்தவன் ஆகான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமமென்றும் சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு உரித்துடையர் என்றும் கூறுகிறது. சமம் என்ற சொல்லுக்கு எல்லாருக்கும் ஒரே எண் என்பது பொருளன்று. ஒரே நிலையில் இருப்போரை ஒரே வகையாக நடத்தவேண்டும். வேறு நிலையில் இருப்போரை அவ்வேறுபாட்டுக்குத் தக நடத்தவேண்டும். வகைப்படுத்தல் செய்யும்பொழுது, அந்த வகைக்கும் அடையக் கருதிய நோக்கத்துக்கும் நியாயமான தொடர்பு இருத்தல் வேண்டும். இவை சட்டம் பயின்றோர் யாவரும் அறிந்த தத்துவங்கள்.

எரிபொருட் பங்கீட்டின் நோக்கம் யாது? அரிய பொருளைக்கொண்டு நாட்டின் உழைப்பும் உயிர்காப்பும் நின்றுவிடாது நடத்தல் என்பதே எனின், வாகனத்தின் உருவத்தைக்கொண்டு செய்த வகைப்பாட்டுக்கும் அந்நோக்கத்துக்கும் இருக்கும் தொடர்பு மிக மெலிந்தது. வாகனம் எதற்காக, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதன்றோ நோக்கத்தோடு நெருங்கிய அளவுகோல்?

2023 நவெம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய பெரும்பான்மைத் தீர்ப்பு இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. பொருளாதாரத்தை நடத்துவதில் ஆட்சிப் பொறுப்பாளர் பலர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறி, 12(1)ஆம் உறுப்புரை தரும் உரிமையைப் பாதித்தனர் என நீதிமன்றம் தீர்ந்தது. மனுதாரர்க்கு வழக்குச் செலவாகத் தலைக்கு 150,000 ரூபா வழங்கவும் பணித்தது. பஞ்சத்தை வரவழைத்தோர் சட்டத்துக்கு விடை கூறவேண்டும் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. வந்த பஞ்சத்தை எவ்வாறு பங்கிட்டீர் என்ற வினாவும் சட்டத்துக்குப் புறம்பானதாக இருத்தல் கூடாது.

கணக்கில்லாதவனுக்கு வழக்கில்லை

நீதிமன்றில் நின்று பழகியோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. நியாயம் நம் பக்கம் இருப்பது மட்டும் போதாது. அதனைக் காட்டும் எழுத்து நம் கையில் இருக்கவேண்டும். போதவில்லை, போதவில்லை என 2022இல் நாம் எல்லாரும் முறையிட்டோம். எவ்வளவு போதும் எனத் திருப்பிக் கேட்டிருந்தால், நம்முள் எத்தனை பேரால் எண்ணோடு விடை கூறியிருக்க முடியும்? வண்டியை விற்றவர் விளம்பரத்திற் சொன்ன எண்ணைச் சொல்லியிருப்போம். அந்த எண், ஒருவரே ஏறி, மட்டான வேகத்தில், சமமான தளத்தில் ஓட்டிப் பெற்ற எண். பின்னாசனத்தில் மனைவியும் முன்னே பிள்ளையும் கரியரில் மரக்கறி மூட்டையுமாக, குழி விழுந்த தெருவில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது.

ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் வண்டியை அளந்து அறிதல் வேண்டும். வழி எளிது. தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஓடிய தூரங்காட்டும் எண்ணைக் குறியுங்கள். வழமைபோல் ஓட்டுங்கள். மீண்டும் அதே விளிம்புவரை நிரப்புங்கள். இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லீற்றரால் வகுங்கள். 272 கிலோமீற்றர் ஓடிய வண்டி 5.1 லீற்றர் கொண்டதாயின், லீற்றருக்கு 53 கிலோமீற்றர் சொச்சம். ஒருமுறை அளந்தால் தவறு நேரலாம். மூன்று நான்கு முறை அளந்து சராசரி காணுங்கள்.

பங்கீட்டுக் காலத்தில் விளிம்புவரை நிரப்ப இயலாது. அப்பொழுது வேறொரு வழி உண்டு. எண்ணெய்த் திருகியை ரிசேர்வுக்குத் திருப்பவேண்டிய இடத்தில் தூரத்தைக் குறித்து, கிடைக்கும் 4 லீற்றரையும் விட்டு, திருகியைப் பழைய நிலைக்கு மாற்றி, மறுபடியும் ரிசேர்வு வரும்வரை ஓட்டுங்கள். 208 கிலோமீற்றர் ஓடியிருந்தால், லீற்றருக்கு 52. ரிசேர்விற் கிடப்பது வழக்கமாக ஒன்று, ஒன்றரை லீற்றர் அளவே. அதனை இருப்பாகக் கருதாது, வீடு சேர்வதற்கான கடைசிக் கைப்பொருளாகவே கொள்ளல் வேண்டும். 10 லீற்றர்த் தாங்கி இருக்கிறதே எனக் கணக்கிட்டு நெடும்பயணம் புறப்படுவோர் இந்த ஒன்றரையைக் கழித்தே கணக்கிடுவாராக.

அளந்தபின் குறைவாகக் கண்டால் காரணம் தேடவேண்டும். ரயரிற் காற்றுக் குறைந்தால் உருளுந் தடை கூடி எரிபொருள் வீணாகும். காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்பொழுது காற்றைப் பாருங்கள். நம் செம்மண் தெருக்களின் புழுதி காற்று வடியை அடைத்துவிட்டால், இயந்திரம் காற்றின்றிப் பெற்றோலையே மிகுதியாகக் குடிக்கும். தளர்ந்த சங்கிலி, விடாது உரசும் பிறேக், திறந்தபடி விட்ட சோக், பாதி பிடித்தபடி ஓட்டும் கிளச் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கள்வன். வேகம் அவர்களுட் பெரிய கள்வன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். எண்பதில் பறக்கும் இளைஞன், நாற்பத்தைந்தில் செல்லும் தந்தையைவிட விரைவில் நிரப்பு நிலையத்தை நாடுவது இதனாலேயே. பழைய இரு வீச்சு இயந்திரம் வைத்திருப்போர், அதன் அமைப்பிலேயே எரியாத பெற்றோலில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

ஒரே ஊரில், ஒரே வகை வண்டி இரண்டு. ஒன்று 55 ஓட, மற்றொன்று 40 ஓடும். 4 லீற்றரில் அந்த வேற்றுமை 60 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ ஒரு வழிப் பயணம் அது. அரசாங்கம் தராத தூரத்தில் ஒரு பகுதியை நம் கராச்சிலேயே நாம் மீட்கலாம். ஆனால் எஞ்சிய பகுதியை மீட்கும் இடம் கராச் அன்று. மிகச் சிறந்த வண்டியும் 4 லீற்றரில் 650 கிலோமீற்றர் ஓடாது. சிக்கனமாக ஓட்டுங்கள் என்ற உபதேசத்தால் அநீதியை மூடிவிட எவரும் முயலவேண்டாம்.

நாம் கோருவன

பங்கீடு எப்பொழுது வந்தாலும், அதன் விதிகள் பஞ்சத்தின் நடுவில் அவசரத்தில் எழுதப்படாது, முன்னரே சட்டமாக இயற்றப்பட்டு மக்கள் அறிய இருத்தல் வேண்டும். எல்லார்க்கும் பொதுவான ஓர் அடிப்படைப் பங்கும், அதன்மேல் தொழிலின் தூரத்துக்கேற்ற மேலதிகப் பங்கும் வகுக்கப்படல் வேண்டும். அத்தூரத்தைப் பிரதேச செயலகமே உறுதிப்படுத்தலாம். ஆசிரியரின் வீடும் பள்ளிக்கூடமும் எங்குள்ளன என்பதை அறியப் பெரிய ஆணைக்குழு வேண்டியதில்லை. நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் கை உழவு இயந்திரத்துக்கும் பயிரின் பரப்பையும் பருவத்தையும் கொண்டு தனிப் பங்கு வேண்டும்; அது பயிர் வாடுமுன் கிடைக்கவேண்டும். வாடகை முச்சக்கர வண்டி எந்த மாகாணத்தில் ஓடினும் பொதுப் போக்குவரத்தாகவே கொள்ளப்படல் வேண்டும். பேருந்து அரிதான பகுதிகளுக்கு அவ்வரிய தன்மையே மேலதிகப் பங்குக்குரிய காரணமாதல் வேண்டும். மறுக்கப்பட்டவன் மேன்முறையீடு செய்ய மாவட்டத்திலேயே ஓர் இடம் இருத்தல் வேண்டும்.

இவற்றால் நிர்வாகம் சிக்கலாகும், பொய்ச் சான்றிதழ்கள் பெருகும் என்பர். பொய்யன் சிலன் இருப்பான் என்பதற்காக மெய்யன் பலனைப் பட்டினி போடுவது ஆட்சிமுறையாகாது. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு வாரமும் பெற்ற லீற்றரைப் பதிவுசெய்யவல்ல கருவியை 2022இல் ஒருசில வாரங்களில் ஆக்கிய நாடு இது. தூரத்தையும் தொழிலையும் பதியும் இன்னும் இரண்டு கட்டங்களை அதிற் சேர்க்க இயலாது என்று கூறுவதை எவர் நம்புவர்?

அன்பார்ந்த கமக்காரரே, உத்தியோகத்தரே, ஆசிரியப் பெருமக்களே! ஒரு சிறு கொப்பி வாங்குங்கள். நிரப்பிய நாள், லீற்றர், கொடுத்த விலை, ஓடிய தூரம், ஓடிய காரணம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். இயந்திரம் இறைத்த மணிகளையும் அதனோடு எழுதுங்கள். கமக்காரர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் அக்கொப்பிகளைச் சேர்த்து, தம் ஊருக்கு வாரம் எத்தனை லீற்றர் வேண்டும், எதற்கு வேண்டும் என ஓர் ஏடு ஆக்கட்டும். அடுத்த முறை கொழும்பில் ஓர் எண் எழுதப்படும்பொழுது, அதன் எதிரே வைக்க நம்மிடமும் எண் இருக்கட்டும். பிரதேச செயலகத்திலும் நாடாளுமன்றத்திலும், வேண்டுமாயின் நீதிமன்றத்திலும், அந்த ஏடே நமக்காகப் பேசும்.